பூனைக்காலிப் பொடியை டாக்டரிடம் மறைக்க வேண்டாம்



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வகை சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ மாத்திரைக்கோ அல்ல. 'சப்ளிமென்ட்' எனப்படும் சத்துப்பொடி, கேப்சூல் வாங்க உதவி கேட்கும் மனுக்கள். அவற்றில் சில, பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களின் வீடுகளிலிருந்து வருகின்றன. ஒரு மகன் எழுதியிருந்ததன் சாரம் இது: வாப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. நரம்பு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். 'அதை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது, சில வருடத்தில் வேலையும் செய்யாது' என்று வாப்பா அதைத் தொடவில்லை. பூனைக்காலிப் பொடி சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். மாதாமாதம் அதை வாங்க உதவ முடியுமா?

இதற்கு 'முடியும்', 'முடியாது' என்று ஒரு வரியில் பதில் எழுத நமக்கு மனம் வரவில்லை. இதே கேள்வி பல வீடுகளில் இருப்பதால் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே இதற்கு நின்றுவிட்டது. நம் அசைவுகளைச் சீராக நடத்த மூளையில் டோப்பமின் என்ற பொருள் சுரக்க வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இந்த நோயின் அடிப்படை. கையில் நடுக்கம் தெரியும்போது அந்தச் செல்களில் பாதியளவோ அதற்கு மேலோ போயிருக்கும். ஆனால் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வேறு சில அடையாளங்கள் வந்திருக்கலாம். அத்தர் பூசினால் மணம் தெரியாது. மலச்சிக்கல் விடாது. தூக்கத்தில் கை காலை உதறி, சத்தம் போடுவார். பிறகு கணக்கு நோட்டில் எழுத்து பொடிப்பொடியாகும், சட்டைப் பட்டன் போட நேரம் பிடிக்கும், நடக்கையில் ஒரு கை மட்டும் வீசாமல் தொங்கும், குரல் தாழ்ந்து போகும். வீட்டார் இதையெல்லாம் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேநீர் கிளாஸைத் தூக்கும்போது நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை. பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அதிகம் தெரியும். இன்னொன்று, தலைசுற்றலுக்கு நம் ஊர்களில் வருடக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின் மாத்திரைகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக் கூடியவை. ஆகவே புதிதாக ஒரு பொடியை வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்குத் தேவைப்படுவது ஒரு மருந்தைச் சேர்ப்பது அல்ல, ஒன்றைக் கழிப்பது.

பூனைக்காலியின் கதை

இப்போது பூனைக்காலிக்கு வருவோம். வேலியில் படரும் கொடி. காயின் மேலுள்ள சுணை பட்டால் தோல் பிய்ந்துபோகும் அளவுக்கு அரிக்கும். அதன் விதையை சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றுமே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. நாட்டு மருந்துக் கடைகளில் தாது புஷ்டி லேகியச் சரக்காகவே பலருக்கும் இது அறிமுகம்.

1937-ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து லண்டன் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதன் பெயர் லெவோடோபா. அப்போது அது நடுக்குவாதத்துக்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. 1960-களில்தான், உடலுக்குள் போகும் லெவோடோபா மூளையில் டோப்பமினாக மாறுகிறது, முடங்கிக் கிடந்த நோயாளி எழுந்து நடக்கிறார் என்பது தெரியவந்தது. இன்றுவரை பார்க்கின்சனுக்கு அதைவிடச் சிறந்த மருந்து வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையிலும் அதே லெவோடோபாதான் இருக்கிறது.

ஆகவே அந்த வாப்பா 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. அவர் 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டு, அதே மருந்தைப் பொடியாகச் சாப்பிடுகிறார். வேறுபாடு இரண்டே இரண்டு. ஒன்று, மாத்திரையில் கார்பிடோபா என்ற துணைமருந்து சேர்ந்திருக்கிறது, பொடியில் இல்லை. மற்றொன்று, மாத்திரையில் அளவு தெரியும், பொடியில் தெரியாது.

துணைமருந்து எதற்கு? லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் அதில் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேருமுன்பே குடலிலும் இரத்தத்திலும் டோப்பமினாக மாறிவிடும். அங்கே மாறியது மூளைக்குள் நுழையாது. மாறாக குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். கார்பிடோபா அந்த வீண் மாற்றத்தைத் தடுத்து, கொஞ்சம் மருந்தே மூளைக்குப் போதும்படி செய்கிறது. லண்டனில் 2004-ல் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே பூனைக்காலிப் பொடி மாத்திரையைவிட வேகமாகவே வேலை செய்தது. ஆனால் 200 மில்லிகிராம் லெவோடோபா உள்ள மாத்திரைக்கு ஈடு கொடுத்து மிஞ்ச, ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் லெவோடோபா அடங்கிய 30 கிராம் பொடி தேவைப்பட்டது.

அளவைப் பார்ப்போம். உலர்ந்த விதையில் பொதுவாக நூற்றுக்கு நான்கைந்து பங்கு லெவோடோபா இருக்கும். மண், ரகம், வறுத்தது, வறுக்காதது என்று ஒவ்வொன்றாலும் அது மாறும். அமெரிக்காவில் கடையில் விற்கும் பூனைக்காலி சப்ளிமென்டுகளைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கான அளவில் சிலவற்றில் வெறும் சில மில்லிகிராம், சிலவற்றில் 200 மில்லிகிராமுக்கும் மேல். நூறு மடங்கு வித்தியாசம்! சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் ஒருவர், இந்த மாதப் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊசி போடுவாரா?

பொலிவியா நாட்டில் மாத்திரை வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்காக நல்லெண்ணத்தோடு ஓர் ஆய்வு நடந்தது. 18 பேருக்கு ஒரே ஒரு வேளை பொடி கொடுத்துப் பார்த்தபோது பலன் மாத்திரைக்குக் குறையவில்லை. இந்த முடிவை எடுத்துக் காட்டித்தான் வியாபாரிகள் விற்கிறார்கள். அதே ஆய்வாளர்கள் அடுத்து 14 பேருக்குத் தினமும் பல வாரங்கள் கொடுத்துப் பார்த்ததை யாரும் சொல்வதில்லை. அவர்களில் 7 பேர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான்கு பேர் வயிற்றுத் தொல்லையால், மூன்று பேர் அசைவு மோசமானதால். இவர்கள் எல்லாரும் நோய் முற்றியவர்கள், ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடக்கக் கூடிய ஒரு சங்கிலியை நினைத்துப் பாருங்கள். பெரியவர் பொடி சாப்பிடுகிறார், குமட்டுகிறது. மகன் மெடிக்கலில் போய் 'வாந்திக்கு ஒன்று கொடுங்கள்' என்கிறான். மேலே சொன்ன மெட்டோகுளோப்ரமைடு வருகிறது. அது மூளையில் டோப்பமினின் வேலையைத் தடுக்கும் மருந்து. நடுக்கமும் விறைப்பும் கூடுகின்றன. 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டார் பொடியை இரட்டிப்பாக்குகிறார்கள். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. பொடியின் விஷயம் டாக்டருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மாத்திரையையும் பொடியையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. மொத்த லெவோடோபா கூடிப்போய், தன்னை மீறிக் கை கால் நெளியலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், சஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றி விழலாம். டாக்டர் மாத்திரையின் அளவு அதிகம் என்று நினைத்துக் குறைப்பார். இன்னொரு மாதம் கடையில் வேறு பாட்டில் வரும், எல்லாம் தலைகீழாகும்.

'ஆரம்பித்தால் விட முடியாது' என்ற பயம்

இந்தப் பயம் அந்த வாப்பாவுக்கு மட்டும் உரியதல்ல, படித்தவர்களிடமும் இருக்கிறது. மருந்தைச் சேமித்து வைத்தால் பிற்காலத்துக்கு உதவும் என்ற எண்ணம். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மருந்து எளிதில் கிடைக்காததால் நோயாளிகள் இத்தாலியில் இருப்பவர்களைவிடத் தாமதமாகத்தான் லெவோடோபா தொடங்குகிறார்கள். இரு நாட்டாரையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆய்வில், மருந்தின் பலன் ஏறி இறங்கும் தொல்லை இரு தரப்பாருக்கும் நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வந்தது. தாமதித்தவர்களுக்கு எந்தச் சேமிப்பும் கிடைக்கவில்லை. நடுவில் சில வருடம் சிரமப்பட்டதுதான் மிச்சம். அப்படியே பயம் சரியாக இருந்தாலும், பொடியிலும் அதே லெவோடோபாதானே! எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பது ஒவ்வொருவரின் வயது, வேலை, மற்ற நோய்களைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. சிலருக்கு ஆரம்பத்தில் வேறு மருந்தே போதும்.

மற்ற சப்ளிமென்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வைட்டமின் ஈ, நாளுக்கு 2,000 யூனிட் என்று ஆரம்ப நிலை நோயாளிகள் 800 பேரை வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது; பலன் இல்லை. கோஎன்சைம் க்யூ10 விஷயம் இன்னும் பாடம் நிறைந்தது. 2002-ல் 80 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. உலகமெங்கும் வாங்கினார்கள். பிறகு 600 பேரை வைத்துப் பெரிய அளவில் செய்தபோது வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. பாதியிலேயே நிறுத்தி 2014-ல் வெளியிட்டார்கள். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டினுக்கும் இதே கதி. 1,741 பேர் கலந்துகொண்ட ஆய்வு அது. இவை மூன்றும் ஆபத்தானவை என்பதற்காக அல்ல, வீண் செலவு என்பதற்காகவே சொல்கிறோம்.

அப்படியானால் 'நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது' என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கனடாவின் வான்கூவரில் 2001-ல் ஒரு வியப்பான ஆய்வு வெளியானது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து என்ற எதிர்பார்ப்போடு வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளையில் உண்மையாகவே டோப்பமின் சுரந்தது! நம்பிக்கையே இந்த நோயில் மருந்து போல வேலை செய்கிறது. ஆனால் அது நிலைப்பதில்லை. ஆகவே புதிய கேப்சூல் எடுத்த முதல் சில வாரத்து நிம்மதியை வைத்து முடிவு கட்டக் கூடாது. கூடவே, இந்த நோயில் நல்ல நாள், கெட்ட நாள் என்று தானாகவே மாறி மாறி வரும். நல்ல நாளின் பெயரைப் பொடி தட்டிக்கொண்டு போய்விடும்.

கருஞ்சீரகம் பற்றிக் கேட்காமல் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதன் சிறப்பைச் சொல்லும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதை நாம் கண்ணியத்தோடு ஏற்கிறோம். அதே வேளையில் அந்த ஹதீஸின் சொல் பொதுவாக இருந்தாலும் அதன் கருத்து குறிப்பிட்ட வகை நோய்களைப் பற்றியது என்று இமாம் கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியிருப்பதை மதரசாவில் ஓதியவர்கள் அறிவார்கள். கருஞ்சீரகம் சமையல் அளவில் சாப்பிடுவதில் தடையில்லை. எண்ணெயாகவும் கேப்சூலாகவும் நிறைய எடுக்கும்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கக் கூடியது. சர்க்கரை மாத்திரையும் பார்க்கின்சன் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர் இதையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் விரும்பிச் சாப்பிடும் 'ஃபூல்' பயறிலும் லெவோடோபா இருக்கிறது. எப்போதாவது நாஷ்டாவுக்கு ஒரு தட்டு சாப்பிடுவது வேறு, மருந்தென்று தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவது வேறு.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றை எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவரை நாம் கடிந்துகொள்ளப் போவதில்லை. குணமாக்கும் மருந்து இல்லாத நோயில் மனிதன் கையை நீட்டத்தான் செய்வான். முறையோடு செய்யட்டும். முதலில் பாட்டிலையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'திட்டுவார்' என்று மறைப்பவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்றைச் சேர்த்துத் தொடங்காதீர்கள், எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாது. டாக்டர் மாத்திரை அளவை மாற்றிய மாதத்தில் தொடங்காதீர்கள். 'மூன்று மாதம், அதற்குப் பிறகு யோசிப்போம்' என்று முடிவுத் தேதியை முதலிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள். அந்த நோட்டில் நோயாளியின் அபிப்பிராயத்தை மட்டும் எழுதாமல், அளக்க முடிந்ததை எழுதுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி உட்கார எத்தனை விநாடி, சட்டைப் பட்டன் போட எத்தனை நிமிடம், அவர் கையால் எழுதிய ஒரு வரி. தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் இதே கணக்கு இருந்தால்தான் ஒப்பிட முடியும். வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், மருமகளோ பேரனோ குறித்து வைத்தால் போதும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை எக்காரணத்துக்காகவும் சட்டென்று நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தியவர்களுக்குக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாவது உண்டு. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதையும் லெவோடோபாவையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரமலானில் 'சஹரில் பொடி சாப்பிட்டால் மக்ரிப் வரை தாங்கும்' என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரத்தத்தில் இருக்கும் லெவோடோபா ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோன்பு பற்றி ஷஃபானிலேயே டாக்டரிடமும் ஹஜ்ரத்திடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விற்கும் சப்ளிமென்டில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. விளம்பரத்தில் நோயைக் குணமாக்கும் என்பார்கள், டப்பாவில் இதை அச்சிட்டிருப்பார்கள். கேப்சூலின் மேல்கூடு ஜெலட்டினாக இருந்தால் அது எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்ற கேள்வியும் நமக்கு உண்டு. பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலை இல்லை.

சப்ளிமென்ட் எல்லாமே வீண் என்று நாம் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நெடுநாள் லெவோடோபா எடுப்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது உண்டு. கால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் அதனாலும் வரலாம். இரத்தம் சோதித்து, குறை இருப்பது தெரிந்து எடுக்கும் பி12 சிகிச்சைதான்.

உடற்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் எந்தக் கேப்சூலுக்கும் இல்லை. ஆரம்ப நிலையில் உள்ள 128 பேரை ஆறு மாதம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் வாரம் நான்கு நாள் என்ற இலக்கோடு, இதயம் வேகமாகத் துடிக்கும்படி நடந்தவர்களுக்கு நோய் ஏறக்குறைய அதே நிலையில் நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சற்றுக் கூடியது. மெதுவாக நடந்தவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே பஜ்ருக்குப் பிறகு பேசிக்கொண்டே நடப்பது போதாது; மூச்சு வாங்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

மனுவுக்கு வருவோம். நமது நிர்வாகக் குழு கூடிப் பேசி எடுத்த முடிவு இது. ஸகாத், ஸதகா பணம் ஓர் அமானிதம். பலன் உறுதியில்லாத சப்ளிமென்டுக்கு அதைத் தர இயலாது. ஆனால் லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, விலைக் கட்டுப்பாடு உள்ளது. தேவையுடைய குடும்பங்களுக்கு அந்த மாத்திரை, டாக்டர் எழுதும் இரத்தப் பரிசோதனை, பிசியோதெரபி ஆகியவற்றுக்கு உதவுவோம், இன்ஷா அல்லாஹ். அந்த மகனிடம் நேரில் பேசி, பொடி டப்பாவோடு வாப்பாவை மறுபடி அதே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறோம். துணைக்கு ஆள் இல்லாதவர்களுடன் நம் தொண்டர் ஒருவர் வருவார்.

விண்ணப்பிப்பவர்கள் டாக்டர் சீட்டின் நகலுடன், நாட்டு மருந்து, லேகியம், தைலம் உட்பட நோயாளி இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரவும். எழுதத் தெரியாதவர்கள் டப்பாக்களைப் பையில் போட்டு எடுத்து வந்தால் அலுவலகத்தில் நாங்களே எழுதித் தருவோம். அந்தத் தாளை டாக்டரிடமும் காட்டலாம்.